றலியா எண்ணாத அறை

கதவைத் தட்டுமுன் றலியா கூரையைத்தான் பார்ப்பார். பிறகு சுவர், பிறகு தண்ணீர்ப் பீலி. வீட்டுக்காரர் "வாங்க" என்பதற்குள் படிவத்தில் பாதி நிறைந்துவிடும்.

கண்டிக்குப் பக்கத்துத் திகன ஊர்க்காரர். வயது நாற்பத்திரண்டு. எங்கள் கண்டி அலுவலகத்தில் கணக்கெடுப்பாளர். ஒரே கேள்விகளை ஏழு நாடுகளில் கேட்டு, எங்கே மக்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார்கள் என்று ஒப்பிடும் வேலை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. போர்க்காலச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவருடைய பையிலிருந்த அளவு நாடாவை இழுத்துப் பார்த்து முறைத்தான். "உங்கள் வீட்டில் எத்தனை அறை?" என்று றலியா சிங்களத்தில் கேட்டார். அவன் சிரித்துப் பதில் சொல்லிவிட்டான்.

"பாவம், அவன்ட ஊடும் மழக்கி ஒழுகுதாம்" என்றார் பஸ்ஸில் ஏறியதும்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லாயிக்கு லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே காம்பரா, அந்த ஓர் அறையில் ஏழு பேர். முன்னால் சாக்குப் படுதா தொங்கும் திண்ணை, இஸ்தோப்பு. றலியா 'ஓர் அறை' என்று எழுதியதை எங்கள் மேலாளர் வரதராசா இரண்டாகத் திருத்தினார்.

"கூரை இருந்தால் அறை எண்டுதான் விதியில கிடக்கு."

"மழ வந்தா பாய சுருட்டுற எடம் ரூமா சேர்? அப்பிடி எழுதினா கணக்குல நாங்க ஒசந்துருவோம். செல்லாயிட புள்ளகள் நனஞ்சிட்டே ஈப்பாங்க."

அடுத்த மூன்று வாரம், விடுமுறை நாளிலும், றலியா லயம் லயமாக ஏறி இருநூற்றுப் பன்னிரண்டு இஸ்தோப்புகளை அளந்தார். எத்தனைக்குச் சுவர் இல்லை என்று பட்டியலிட்டார். சுவரில்லாததை அறையாக எண்ண வேண்டாம் என்று வரதராசாவே கடிதம் எழுதி, பட்டியலோடு மேலிடத்துக்கு அனுப்பினார்.

நான்கு மாதம் கழித்து ஒப்பீட்டு அட்டவணை வந்தது. முதல் வரைவில் நான்காம் இடத்தில் இருந்த இலங்கை ஆறாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. மறுநாள் றலியா சட்டி நிறைய இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

"நாட்டைக் கீழ இறக்கிப்போட்டு வட்டிலப்பமோ?" என்று வரதராசா சிரித்தார்.

"உள்ளதத்தானே சேர் சென்னோம்" என்று றலியா அவருக்கு இன்னொரு துண்டு வைத்தார்.

அந்த ஞாயிறு நானும் றலியாவும் அட்டவணையோடு பன்வில போனோம். செல்லாயி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்க வூடு எங்கம்மா இருக்கு?"

றலியா அவருடைய கொழுந்துக் கறை படிந்த விரலைப் பிடித்து, எண்களுக்கெல்லாம் கீழே பொடி எழுத்தில், 'சுவரில்லாத இஸ்தோப்பு அறையாக எண்ணப்படவில்லை' என்றிருந்த ஒற்றை வரியின்மேல் வைத்தார்.