பல் டாக்டர் நாற்காலியில் ஒரு நைட் வாட்ச்மேன்

ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்க எனக்குச் சம்பளம். பகலில் ஐந்து வயதுப் பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கத்தான் துப்பில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு நான் நைட் வாட்ச்மேன். மகள் யாழினிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பெற்று மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

விளக்கம்

தானாகப் படித்து எல்லாம் தெரிந்துகொண்டவன் என்ற திமிர் எனக்கு உண்டு. ‘முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் குழந்தைக்குப் பயம் போகும்’ என்று செல்போனில் போட்டிருந்தது. விளக்கினேன். ஊசி, குடைகிற மெஷின், அது போடும் சத்தம், எதையும் விடவில்லை. யாழினி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள்.

“கடைக்குத் திருடன் வந்தாகூட சாவி எங்க இருக்குதுன்னு இப்படித்தான் வெளக்கிக்கினு இருப்பியா?”

பெஞ்சு

ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். கிளினிக் பெஞ்சில், பக்கத்தில் ஒருவர் வீங்கிய கன்னத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மாமா ஏன்பா அழுவுறாரு?”

“பல்லு சரியாயிடுச்சில்ல, அந்த சந்தோஷம்மா. வலிக்கவே வலிக்காது.”

அவர் கன்னத்தைப் பிடித்தபடியே திரும்பினார்.

“பொய் சொல்லாதபா. அப்புறம் நீ எது சொன்னாலும் புள்ள நம்பாது.”

நாற்காலி

அவர் சொன்னபடியேதான் ஆனது. உள்ளே போனதும் யாழினி கடை ஷட்டர் மாதிரி உதட்டை இறக்கிப் பூட்டிவிட்டாள். “இன்னிக்கு விட்டா சீழ் வெச்சிடும் சார்” என்றார் டாக்டரம்மா. நான் கெஞ்சினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகப் பேரம் பேசினேன். உதட்டைத் திறக்காமலே விரலை என் பக்கம் நீட்டினாள். முதலில் நீ உட்கார்.

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அந்த நாற்காலியில் ஏறினேன். அது பின்பக்கம் மெல்லச் சாய்ந்தது. தலைக்கு மெத்தை, ஏசி காற்று. டாக்டரம்மா கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பல்லை எண்ண ஆரம்பித்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அரைத் தூக்கத்தில் ஒரு குரல் கேட்டது. நான் பகலில் தூங்க, என் தலைமாட்டில் சத்தம் போடாமல் விளையாடியே வளர்ந்த பிள்ளையின் குரல்.

“டாக்டர், அப்பா நடிக்கல, இது நெஜக் கொறட்டை, எனக்குத் தெரியும். வலிச்சா தூக்கம் வராதில்ல? அவர எழுப்புங்க, நான் உக்கார்றேன்.”

அப்பன் வாயால் ஆகாத காரியம் அவன் மூக்கால் ஆகிவிட்டது, ஆனால் இந்தக் கதை கடை வரைக்கும் போனால், டியூட்டி இல்லாத நேரத்தில்தான் தூங்கினேன் என்பதை எங்கள் முதலாளி நம்ப வேண்டுமே.