பருத்தி அம்பாரத்தில் எடுத்த படம்

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். மகள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே கிளம்பியவர். அவளுக்கு ஒரு வயதானபோது, ஊருக்கு வந்த ஒருவரிடம் கேமராவும் இரண்டு பிலிமும் கொடுத்தனுப்பினார். கேமராவின் கண்ணைச் சுற்றியிருக்கும் வளையத்தை ‘ஏ’ என்ற எழுத்தில் வைத்தால் வெளிச்சத்தை அதுவே அளந்துகொள்ளும், பக்கத்தில் இருக்கும் எண்களைத் தொடாதே, பிள்ளை முகம் தெரிந்தால் போதும் என்று கடிதம். என் சமர்த்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை!

பங்குனி மாதம். திருச்சுழிக்குப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் புதுப் பருத்தி அம்பாரமாகக் கிடந்தது.

“பருத்தி வந்திருக்கிற வீட்டுப் பிள்ளைய வெறுந்தரையிலயா உக்கார வப்பாக?” என்றார் மாமியார்.

அம்பாரத்தின் நடுவில் வைத்தோம். இடுப்புவரை புதைந்துபோனாள். எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஒரு சத்தம் இல்லை, காற்றுகூட அசையவில்லை. அந்த மத்தியானத்தை நான் தூக்கத்தில் பார்த்தேனோ என்று இன்றைக்கும் தோன்றும். ‘ஏ’யிலேயே வைத்துப் பிலிம் முழுவதையும் எடுத்தேன்.

அருப்புக்கோட்டை ஸ்டூடியோவில் கழுவி வாங்கினால், பருத்தி சுளை சுளையாகத் தெரிகிறது. பிள்ளை முகம் கரிக்கட்டை. அத்தனை வெள்ளையைக் கண்டு வெளிச்சம் ஏகம் என்று கேமரா கண்ணைச் சுருக்கிக்கொண்டதாம், ஸ்டூடியோக்காரர் சொன்னார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் கருவி! எண்ணைக் குறைத்தால் கண் அகலத் திறக்குமாம். அந்தப் படங்களையே அனுப்பினேன். “மூக்கு யாரு மாதிரின்னு எழுது” என்று பதில் வந்தது. அன்றைக்கு அழுதேன்.

இரண்டாவது பிலிமைச் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று தீர்த்திருந்தார்கள். ஒரே ஒரு படம் மிச்சம். மாமியார் மறுபடியும் பருத்தியில்தான் உட்கார வைத்தார். ‘ஏ’யில் வைத்தால் பழி கேமராவுக்கு; கையால் வைத்தால் எனக்கு. வளையத்தைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வருவது வரட்டும் என்று எண்ணைக் குறைத்து எட்டுக்குத் திருப்பினேன்.

படத்தில் பருத்தி இல்லை, சுவர் இல்லை, வானம் இல்லை. எல்லாம் வெண்மையில் கரைந்துபோய், என் மகளின் முகம் மட்டும் மிதந்தது. மூக்கும் கண்ணும் அத்தனை தெளிவு. பருத்தியைக் காணோமே என்று மாமியார் குறைபட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை; அன்றைக்கே சிங்கப்பூருக்கு அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்தார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் கூட்டத்துக்குள் நேராகப் போய் மகளைத் தூக்கிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு மாமியாரிடம் திரும்பினார்.

“ஏம்மா, அவ வரலையா?”

நான் இளைத்துப் பாதியாகியிருந்தேன். மாமியாரை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். அனுப்பிய படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை.