இருபதைத் தொட்டால் வருவான்

கூனிமேட்டில் ரோட்டோரமாக நான் வைத்திருப்பது வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்தை வாங்கிக் கொடுக்கிற கடை. கூடவே ரீசார்ஜ், ஜெராக்ஸ். மலேசிய ரிங்கிட் ஏறினாலும் இறங்கினாலும் திட்டு எனக்குத்தான். ஏதோ நானே உட்கார்ந்து ரேட்டை முடிவு பண்ணுகிற மாதிரி. ஆனால் செந்தமிழ் என்கிற பெண் என்னைப் படுத்திய பாட்டை வேறு யாரும் படுத்தியதில்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவள். உப்பு வாருகிற காலத்தில் விடியலில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை பாத்தியில் நிற்பாள். புருஷன் தேவநாதன் 2014இல் மலேசியாவுக்குப் போனவன். ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய் இப்போது பரோட்டா மாஸ்டர். பணம் வந்தாலும் வராவிட்டாலும் செந்தமிழ் கடைக்கு வந்துவிடுவாள், இன்று ரேட் எவ்வளவு என்று கேட்க.

அவன் போன மறுவருஷமே ரிங்கிட் சரிந்தது. பதினெட்டு ரூபாய்க்கு மேல் இருந்தது பதினைந்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. தேவநாதனுக்கு வெறுத்துப்போய்விட்டது. சேர்த்த வரைக்கும் போதும், ஊரோடு வந்துவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றவள் இவள்தான். உப்பளத்துக்காரர்கள் புத்தி அப்படி. வாரின உப்பு விலை போகாவிட்டால் மேட்டில் குவித்து ஓலை போட்டு மூடிவிடுவார்கள். மழை இறங்கினால் விலை தானாக ஏறும், அப்போது விற்பார்கள். வீட்டுச் செலவுக்கு அனுப்பியது போக மீதிப் பணத்தையும் அப்படியே அங்கேயே போட்டு வை, இருபதைத் தொட்டதும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். அவனும் சரி என்றான்.

உப்புக்கு மழை எப்போது என்று ஊருக்கே தெரியும். ரிங்கிட்டுக்கு எது மழை? அவளுக்கு அதுதான் பிடிபடவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். பதினாறு என்பேன், அப்புறம் பதினேழு, மறுபடியும் பதினாறு. ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"டிவியில ரூபா விழுந்துடுச்சுன்னு எழவு சேதி மாதிரி சொல்றான். இங்க உங்க கடையில நிக்கிறவங்கல்லாம் சிரிச்சிக்கினு இருக்காங்க. விழுந்தா நல்லதா கெட்டதா பாய்?"

நம் ரூபாய் விழுந்தால் தேவநாதன் அனுப்புவது கூடும் என்றேன். அப்படியென்றால் எண்ணெயும் காஸும் ஏன் ஏறுகிறது என்றாள். அதுவும் கொஞ்சம் அதனால்தான் என்றேன். அப்படியானால் அவன் அனுப்புவது கூடியதா, குறைந்ததா என்றாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஜெராக்ஸுக்கு ஆள் நிற்கிறது, போம்மா என்று விரட்டினேன்.

நடுவில் மகள் கல்யாணத்துக்குத் தேவநாதன் ஒருமுறை வந்து, சம்பந்தி வீட்டு விருந்துகூட முடியாமல் கிளம்பிப் போனான். அவ்வளவுதான்.

ஒருவழியாக இருபது வந்தது. செந்தமிழுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள், புதுப் பாய் வாங்கினாள். தேவநாதன் வரவில்லை. இப்போதுதான் ஏறுகிறது, ஏறும்போது யாராவது விட்டுவிட்டு வருவார்களா என்றான். கொஞ்சம் இறங்கியது. இறங்கும்போது வந்தால் நஷ்டம் என்றான். திரும்பவும் ஏறியது. ஏறினாலும் வரமாட்டான், இறங்கினாலும் வரமாட்டான், பின்னே எதற்குத்தான் வருவான் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ரேட் போர்டைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். ரிங்கிட் இருபத்திரண்டு. உப்பளத்திலிருந்து நேராக வேகமாக வந்தவள் போனில் அவனைப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, என் மேஜைமேல் வைத்தாள். நான் சொன்னால் நம்பமாட்டான், நீங்களே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அவன் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினான்.

"செந்தமிழ், இங்க நான் சம்பாரிக்கிற ஒண்ணு உனக்கு அங்க இருபத்திரண்டு. நான் அங்க வந்துட்டா என் ஒரு ரூபா ஒரு ரூபாதான். அப்புறம் யாரு என்னை மதிப்பா? நீ மதிப்பியா?"

அடப்பாவி, இத்தனை வருஷமும் இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு ரேட் பேசினானா? கண்ணைத் துடைக்க விரலைக் கொண்டுபோன செந்தமிழ், கையில் இருந்த உப்பு எரியும் என்று முழங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள்.

"என் ஒரு ரூபா இத்தினி வருஷமா ஒரு ரூபாதான். அப்ப நீ என்னை மதிக்கவே இல்லியா?"