அந்த "அடடா" என்னுடையதல்ல

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டின் நடுவே கேட்கும் "அடடா!" என்னுடையதல்ல. ஒன்பது வயதில் தொண்டை வறளச் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வயதில் மறுபடியும் சொல்கிறேன்.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்துவந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஆள் ஆறடி உயரம், குரல் மட்டும் கீச்சுக் குரல். போனில் பேசினால் எதிர்முனையில் "மேடம்" என்பார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, ரேடியோவில் வரும் பழைய கன்ட்ரி பாட்டுகளை, அதாவது இந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டுகளைக் காரில் கூடவே பாடுவார். அதிலும் இரண்டு பேர், ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகச் சேர்ந்து பாடுகிற ஜோடிப் பாட்டு என்றால் அவருக்கு உயிர்.

அப்படி ஒரு ஜோடி, எழுபதைத் தாண்டிய அண்ணன் தம்பி, ஒரு மணி நேரத் தொலைவில் பழைய மர ஹால் ஒன்றில் பாடப்போகிறார்கள், அதை அப்படியே ரெக்கார்ட் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மாமா இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். அப்பாவும் அம்மாவும் நழுவிவிட, இரண்டாவது டிக்கெட் என் தலையில் விழுந்தது. அந்த ஞாயிறு மதியம்தான் என் தோழியின் பிறந்தநாள் பார்ட்டி. அதற்கே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது.

போகிற வழியெல்லாம் உபதேசம்.

"தும்மக் கூடாது கண்ணு, இருமக் கூடாது. கால ஆட்டாத. அத்தனையும் ரெக்கார்ட் ஆயிரும்."

சரசரக்கிறது என்று என் நைலான் கோட்டைக் காரிலேயே கழற்றிவைக்கச் சொன்னார். முறுக்குப் பையையும் பிடுங்கி வைத்தார். ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

மேடையில் ஒரே மைக். கிதாரோடு ஒருவர், மாண்டலினோடு ஒருவர், கன்னமும் கன்னமும் ஒட்டாத குறையாக நின்று பாடினார்கள். கடைசித் தந்தி அடங்கும்வரை யாரும் கைதட்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாசலில் காவலுக்கு, இடுப்பில் துப்பாக்கியுடன் ஒரு போலீஸ்காரர் இருந்தார்.

மூன்றாவது பாட்டு வீட்டை விட்டுப் போகிற ஒருவனைப் பற்றியது. எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அதை விழுங்கினேன். ஓரிடத்தில் வாத்தியங்கள் நின்றுபோய், இரண்டு கிழக் குரல்கள் மட்டும் மேலே ஏறி ஒன்றாகச் சேர்ந்து நின்றன. மாமா, கச்சேரியில் நம்மவர்கள் செய்வதைப்போல, தொடையில் பளாரென்று தட்டி "அடடா!" என்றார்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. பாடியவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. போலீஸ்காரர் ஓசைப்படாமல் வந்து குனிந்து, யார் அது என்று கிசுகிசுத்தார். மாமா என் தோளில் கை வைத்தார்.

"தி சைல்ட், சார். சாரி, சார்."

வாயைத் திறந்து மறுத்தால் அதுவும் ரெக்கார்ட் ஆகிவிடுமே! பேசாமல் எழுந்தேன். அந்த ஹாலில் சொன்ன பேச்சைக் கேட்டவள் நான் ஒருத்திதான், தண்டனையும் எனக்குத்தான். போலீஸ்காரர் என்னை வாசலருகே தன் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து, பெப்பர்மின்ட் ஒன்றைக் கொடுத்தார். மீதிக் கச்சேரி முழுவதும் மாமாவின் பின்னந்தலையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஹீ லைட்! டு எ காப்! போலீஸ்கிட்டயே பொய்!" என்று கத்தினேன். அப்பா, "சின்ன விஷயம், விடு" என்றார். எது சின்ன விஷயம்? மாமா சாரி சொல்லும்வரை அவரோடு பேசமாட்டேன் என்று அறிவித்தேன். அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பெரிய பெட்டிகளோடு ஊருக்குக் கிளம்பினார். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வர்றேன் கண்ணு" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை.

போன வாரம் ஃப்ரீவேயில் போகும்போது போனில் அந்த ரெக்கார்டிங் தற்செயலாக ஓடியது. மூன்றாவது பாட்டில், அதே இடத்தில், கீச்சென்று ஓர் "அடடா!" அதை அவர்கள் வெட்டவே இல்லை. அடுத்த வரியில் பாடகர் ஒருவரின் குரலில் ஒரு சிரிப்புகூடக் கலந்திருந்தது. அடுத்த எக்ஸிட்டில் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, காரை ஓரங்கட்டி, அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மா, இட்ஸ் ஹிஸ் வாய்ஸ்! ப்ரூஃப் இருக்கு!"

அம்மா சிரிக்கவில்லை.

"அந்தக் கச்சேரிக்கு முந்துன வாரந்தாங்கண்ணு அவனுக்கு வேலை போச்சு. வேலைய வெச்சுக் குடுத்த விசா, வேற வேலை கெடைக்கலைன்னா நாட்ட விட்டே கெளம்பணும். போலீஸ்காரன் பேரு, ஐடின்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டான். உங்கிட்டச் சொன்னா ஸ்கூல்ல போய்ச் சொல்லிருவியோன்னு நாங்கதான் சொல்லல."

இது என்ன அநியாயம்! தும்மலையே விழுங்கிக் காட்டியவளை நம்பி இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், அவர் என் தோளைத் தொடும் முன்பே, நான்தான் என்று கையைத் தூக்கியிருப்பேனே.

நான் இந்த ஊரில் பிறந்தவள். துப்பாக்கிக்காரர் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு பெப்பர்மின்ட் சப்ப எனக்குப் பயமில்லை. வாசல் பக்கம் மாமா ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.