குண்டறைக் கதவு

ஜெயமணி பிறந்தது போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில். அப்பா ராமநாதபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கடற்படையில் சேர்ந்து பல ஊர் சுற்றிய ஜெயமணி, ஒரு சின்னப் போர்க்கப்பலோடு போர்ட் பிளேருக்கே திரும்பியிருக்கிறான். வீடு டெலானிபூர் மேட்டில்.

கப்பலில் அவன் பொறுப்பு குண்டறை, பீரங்கிக் குண்டுகளை அடுக்கிவைக்கும் அறை. டார்பிடோ அடித்தாலும் கப்பல் சில நிமிடம் மிதக்கலாம், ஆட்கள் குதிக்கலாம். தீ குண்டறைக்குள் போய்விட்டால் இரண்டாவது வெடிப்பு. அதில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதற்குமுன் கதவை இறுக்கி, வால்வைத் திருகி, அறைக்குள் கடல்நீரை விட வேண்டும். திருகுகிறவன் ஜெயமணி.

போன வாரப் பயிற்சிக்குப் பிறகு அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. சோறு பாதியில் நின்றது. அடுப்படிக்குப் போய்ப் போய் கேஸ் சிலிண்டரைத் திருகிப் பார்த்தான். மனைவி சுகுணா கேட்டால், "சும்மா" என்றான்.

ஞாயிறு மத்தியானம், கூட வேலை பார்க்கும் ஹரிஹரன் சாப்பிட வந்தான்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டான், சொன்னானா?"

"ஐயோ, எப்பண்ணே?"

"டிரில்லுலதான். ‘ஃபயர், பந்த் கரோ’ன்னு, கதவ மூடச் சொல்லி ஸ்பீக்கர்ல கத்துறாங்க. நான் குண்டறைக்குள்ள சூடு பாத்துட்டு நிக்கிறேன். கதவு டமார்! தட்டுறேன், தட்டுறேன். டிரில்லுங்கிறதால தண்ணி விடல. இல்லைன்னா இந்தச் சூரை மீன் மாதிரி கெடந்திருப்பேன்." குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டிச் சிரித்தான்.

சுகுணா கணவனிடம் திரும்பினாள். "உள்ள ஆள் இருக்கிறது தெரியலையா ஒங்களுக்கு?"

"தெரியும்."

ஹரிஹரனின் கை நின்றது. அவனுக்கும் இது புதிது.

"நாளைக்குக் கெளம்புறோம்," என்றான் ஜெயமணி. "டியூட்டி மாத்திட்டாங்க. நான் உள்ள, இவன் வால்வுல."

"நீங்க தெறந்து விட்ருவீங்கல்லண்ணே?"

"அரே, இதெல்லாம் ஒரு கேள்வியா? பாத்துக்கலாம் தங்கச்சி."

"என்னத்தடா பாப்ப?" ஜெயமணி தட்டைத் தள்ளினான். "மேல அத்தன பேர் நிக்கிறான். நீ யோசிச்சிட்டு நின்னா எல்லாரும் போச்சு. மூடுவேன்னு சொல்லு."

"சாப்பிடுறா மொதல்ல."

"அவகிட்டச் சொல்லு."

ஹரிஹரன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்ல முயன்றான். நிமிர்ந்தான்.

"மூடுவேன், தங்கச்சி."

ஜெயமணி தட்டை இழுத்துக்கொண்டு மறுசோறு கேட்டான். சுகுணா போட்டாள். ஹரிஹரனுக்கும் போட்டாள். அவன் போதும் என்றது அவள் காதில் விழவில்லை.

அவன் போனதும் ஜெயமணி பாயில் படுத்து உடனே தூங்கிவிட்டான். சுகுணா அடுப்படிக்குப் போய் சிலிண்டரைத் திருகிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் மறுபடி திருகினாள்.