மறுமுனையில் வைக்காத மீட்டர்

லிஃப்ட்காரரிடம் மிஞ்சியிருந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: "இல்ல".

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. பக்கவாதம் என்றார்கள். வலது காலில் பாதி திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு முழுவதும் போய், இந்த ஒரு சொல் மட்டும் கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு போலக் கிடந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் "இல்ல", வேண்டாம் என்றாலும் "இல்ல". தலையும் அதற்கு ஒத்து ஊதியது; ஆமாம் என்று ஆட்ட நினைத்தால் பக்கவாட்டில் ஆடியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவருக்கு எல்லாம் புரியுது. வெளிய வர்ற வழியிலதான் அடைப்பு. ஆமா இல்லன்னு சொல்றத மட்டும் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் அவரிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

இருபத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தோளில் பையும் பையில் மீட்டருமாக மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றியவர். லிஃப்ட் நகராமல் நின்றால் காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: எங்கோ ஒரு மாடியில், ஒரு கதவின் சுவிட்ச் சேராமல் நிற்கும். பத்து மாடிக் கதவுகளுக்கும் ஒரே கம்பி. எங்கே விட்டுப்போனாலும் எல்லாம் நின்றுவிடும். அவர் மாடி மாடியாக ஏறித் தேடுகிற ஆள் இல்லை. நேரே நடு மாடிக்குப் போய் மீட்டரை வைப்பார். மின்சாரம் அங்கே வரைக்கும் வந்திருந்தால் கோளாறு மேல்பாதியில், வராவிட்டால் கீழ்ப்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவார். நாலாவது தடவைக்குள் ஆள் அகப்பட்டுவிடுவான்.

பேச்சில் மட்டும் அந்தக் காலத்திலேயே கஞ்சன். மனைவி நேர்மாறு. இவர் காலையில் தும்மினால் மாலைக்குள் தெருக்கோடி வரை தெரிந்திருக்கும். அதனால்தான், பக்கத்து வீட்டு வண்டி களவு போன வாரம் தன் வண்டியில் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்தபோது, அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒரு காதுக்குப் போனது திருடன் காது வரை போய்த்தான் நிற்கும் என்பது அவருடைய எண்ணம்.

சுத்தமான வேலை அது. இன்ஜின் சுற்றுவதைப் பார்த்து, பிளக்கில் பொறி விடும் சி.டி.ஐ. பெட்டிக்கு அதற்கான நேரத்தைச் சொல்லுவது பிக்கப் காயில். அந்தக் காயிலிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியை நடுவில் வெட்டினார். சீட்டின் இடது விளிம்புக்கு அடியில், டேங்கை ஒட்டி, விரல்நுனி அளவு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். கம்பெனியில் சுற்றிய டேப்பைப் போலவே ஒன்றைத் தேடிப்பிடித்து மேலே சுற்றினார். சுவிட்சைப் பின்பக்கம் தள்ளிவிட்டால் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும். வண்டி மட்டும் கிளம்பாது. வண்டியை நிறுத்தி இறங்கும்போது இடது கை தானாக அங்கே போய்வரும். கடைசியாக நிறுத்திய மாலையிலும் போய்வந்தது.

இப்போது அந்த வண்டி மகளுக்கு வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கும் வேலை. ஆறு மாதம் படித்து, மூன்று இடத்தில் நேர்காணலுக்குப் போய், நான்காவது இடத்தில் கிடைத்தது. வீட்டில் இனி வரப்போகும் ஒரே சம்பளம். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, ஓடுகிற வண்டியோடும் அதன் பதிவுப் புத்தகத்தோடும் வரவேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை சாவியைப் போட்டுப் பார்த்தால் ஒரு விளக்கும் எரியவில்லை; நான்கு மாதம் சும்மா நின்றதில் பேட்டரி இறங்கியிருந்தது.

ஞாயிறு காலை மெக்கானிக் ஃபியூஸ் வந்தான். எந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் முதலில் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பான். அதனால் தெருவே அவனுக்கு வைத்த பெயர் அது. முற்றத்தில் நின்ற வண்டியில், சார்ஜ் செய்து கொண்டுவந்த பேட்டரியை மாட்டினான். லிஃப்ட்காரர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இல்ல."

"அவர் எதுக்கும் அதத்தான் சொல்லுவாரு, நீ வேலையப் பாரு" என்றாள் மனைவி.

ஹாரன் அடித்தது. ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது. கிளம்பவில்லை. ஃபியூஸ் ஃபியூஸைப் பார்த்தான். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்துவைத்து, மகளை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னான். பொறி இல்லை. புது பிளக் போட்டான். அதிலும் இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, சி.டி.ஐ. பெட்டியில் செருகியிருந்த கம்பிக் கொத்தை உருவி, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தான்.

"பிக்கப் காயில் லைன் செத்துக் கெடக்கு தங்கச்சி."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் பாதி வழி வந்துவிட்டான். இந்த முனையில் லைன் இல்லை, சரி. இனி மறுமுனையில் வை. இன்ஜினிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு இணைப்பு இருக்கிறது, அதைப் பிரித்து அங்கே வை. அங்கே காயில் உயிரோடு இருக்கும். அப்புறம் நடுவில் இருக்கும் ஒரு முழம் கம்பியைத் தடவிப் பார்த்தால் போதும். இத்தனையும் மனசுக்குள் வரிவரியாக ஓடியது. அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

ஃபியூஸ் திரும்பிப் பார்த்தான். என்ன தோன்றியதோ, மனைவியிடம் கேட்டான். "அக்கா, அண்ணன் வண்டியில திருட்டு பயத்துக்கு ஏதாவது சுவிட்ச் கிவிட்ச் வச்சிருக்காரா? சில பேர் வைப்பாங்க."

லிஃப்ட்காரர் தட்டுவதை நிறுத்தினார்.

"அவரா? எங்கிட்ட கேக்காம செவத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டாரு" என்றாள் மனைவி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அண்ணே, அப்படி ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, இருக்கிறது, சீட்டுக்குக் கீழே இடது பக்கம். அவர் வாயைத் திறந்தார். "இல்ல" என்றார். தலையும் பக்கவாட்டில் ஆடியது. நிறுத்தப் பார்த்தார், இன்னும் வேகமாக ஆடியது. "இல்ல, இல்ல, இல்ல."

"கேட்டியா, அவரே சொல்றாரு" என்றாள் மனைவி. நான்கு மாதத்தில் அவள் அவருடைய சொல்லை நம்பியது அதுதான் முதல் தடவை.

அவர் மறுபடி கம்பியைத் தட்டினார். "அய்யோ, மூஞ்சியில வெயில் அடிக்குது போல" என்று உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டாள். பூப்போட்ட துணிக்கு அப்பால் ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் தண்ணீர் குடிக்க வந்தபோது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "என்னப்பா?" அவள் பென்சிலும் தாளும் எடுத்துக் கொடுத்தாள். இடது கையால் இரண்டு புள்ளி வைத்து, நடுவில் சேராமல் சாய்ந்து நிற்கும் ஒரு கோடு போட்டார். லிஃப்ட் வரைபடத்தில் ஆயிரம் தடவை பார்த்த சுவிட்ச் அடையாளம். தாளில் அது திறந்து கிடக்கும் கதவு போல விழுந்திருந்தது.

"கதவா? கதவச் சாத்தணுமா?" என்று கேட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமும் குறைந்தது. திரும்பி வந்து அவர் பக்கத்தில் ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்தாள். "ஃபோன் பண்ணேன்ப்பா. ரெண்டு நாள் டைம் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க." அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மதியத்துக்குள் ஃபியூஸ் இன்ஜினின் இடப்பக்க மூடியைக் கழற்றி, வழிந்த ஆயிலைப் பழைய தட்டு ஒன்றில் பிடித்து, காயிலையும் எடுத்துவிட்டான். அதை மேசை மேல் வைத்து ஒரு தடவை மீட்டரைக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. மீட்டர்தான் முன்பே சொல்லிவிட்டதே. "இன்னைக்கு ஸ்பேர் கடை எதுவும் இருக்காதுக்கா. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இதே மாடல் ஒண்ணு உடைச்சுப் போட்டது கெடக்கு. போய்ப் பாத்துட்டு வரேன்" என்று காயிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார். வேறு காயில் வரும். மாட்டுவான். கிளம்பாது. அப்புறம் சி.டி.ஐ. பெட்டி மேல் பழி விழும். அதற்குள் இருட்டிவிடும். திங்கட்கிழமை ஆறரை வந்துவிடும்.

மாலை நான்கு மணிக்கு நடைப்பயிற்சி. முற்றத்தில் போக இருபது எட்டு, வர இருபது எட்டு. மனைவி வலது அக்குளில் கை கொடுத்து, மூன்று படி இறக்கினாள். வழக்கமாகச் சுவரை ஒட்டி நடப்பார்கள். இன்று அவர் வண்டியின் பக்கம் சாய்ந்தார். இழுத்துப் பார்த்தாள், மனுஷன் அசையவில்லை.

"சரி, பாத்துக்கங்க உங்க வண்டிய. வயித்தக் கிழிச்சுப் போட்டிருக்கான் பாவி."

அவர் இடது கையைச் சீட்டின் மேல் ஊன்றினார். மெல்ல விளிம்புக்குக் கொண்டுபோனார். உட்கார்ந்தபடி எத்தனையோ வருடம் தொட்ட இடம்தான். ஆனால் வெளியே நின்று, குனிந்து, தலைகீழாகத் தேடும்போது விரலுக்கு அது அந்நிய வீடாக இருந்தது. டேப். கம்பி. மறுபடி டேப். நகத்தில் ஏதோ தட்டியது. முன்பக்கம் தள்ள வேண்டும்; நின்ற நிலையில் எது முன்பக்கம்? தள்ளினார். கால் ஆடியது.

"போதும், விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று மனைவி அவரை அணைத்து இழுத்தாள். விரல் வழுக்கி வெளியே வந்தது. சுவிட்ச் நகர்ந்ததை உணர்ந்தார். ஆனால் கடைசியில் ஒரு 'டிக்' கேட்க வேண்டும். அது கேட்டதா, அவள் பேச்சில் அமுங்கிப்போனதா, தெரியவில்லை. திரும்ப அந்தப் பக்கம் சாய்ந்தார். "இல்ல" என்றார். "இருக்கு, வண்டி எங்கயும் போகல, இங்கதான் இருக்கு" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லி, படி ஏற்றிவிட்டாள்.

ஐந்தரைக்கு ஃபியூஸ் ஒரு காயிலோடு வந்தான். மூடியைப் போட்டு, ஆயில் ஊற்றி, மகளை அழுத்தச் சொன்னான். இரண்டு முறை சுற்றி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. முற்றம் அதிர்ந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி தெருவாசலுக்கே போய், எதிர்வீட்டுக்காரியிடம் ஃபியூஸின் கைராசியைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஃபியூஸ் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்த பழைய காயிலை எடுத்து லிஃப்ட்காரரின் இடது உள்ளங்கையில் வைத்தான். "நான் சொன்னேன்ல அண்ணே. எல்லாம் இவன் பண்ண வேலை."

ஒரு பழுதும் இல்லாத பொருள். லிஃப்ட்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல" என்றார். ஃபியூஸ் அன்பாக அவர் தோளைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் ஆறு மணிக்கு மகள் கிளம்பினாள். முதல் அழுத்தலிலேயே வண்டி பிடித்தது. ரத்தக் குப்பிகள் வைக்கும் பெட்டியை அவர்களே தருவார்களாம். பின்சீட்டில் அதற்கான கயிறு மட்டும் கட்டியிருந்தது. "வரேன்ப்பா. இன்னைக்கு மட்டும் பதினாலு வீடு."

திரையை இன்று திறந்தே வைத்திருந்தார்கள். சுவிட்ச் முழுதாக உள்ளே விழுந்திருந்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை. பாதியில் நின்றிருந்தால் இப்போதைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு பள்ளத்தில், ஏதோ ஒரு வீட்டுக்குப் போகிற வழியில், விட்டுப்போகும். பாதி விழுந்த சுவிட்சுகளுக்காக அவர் எத்தனை கட்டடம் ஏறியிருக்கிறார். நிறுத்து, சீட்டுக்கு அடியில் விரலை விட்டு ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போ என்று சொன்னால் தீர்ந்தது.

வண்டி தெருமுனை திரும்பியது. சத்தம் தேய்ந்து, மற்ற வண்டிகளின் சத்தத்தோடு கலந்து, எது அவளுடையது என்று பிரிக்க முடியாமல் போனது. அவர் அதற்கப்புறமும் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மகள் திரும்பிவர மதியம் ஒரு மணி ஆகும் என்றாள்.