பின் சீட்டில் யாரும் இல்லை

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன். இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், பிசாசு, சகுனம், கண்ணேறு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. நாற்சந்தியில் மிளகாய் குத்திய எலுமிச்சம்பழம் கிடந்தால் மற்றவர்கள் வண்டியை ஒடித்து ஒதுங்கிப் போவார்கள், நான் நேராக அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போவேன். வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஸ்பானரை எடுத்துக்கொண்டு தேடினால் கிடைத்துவிடும், மற்ற விஷயங்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

தமிழ்நாட்டிலிருந்து பையன்கள் பெட்டியும் சான்றிதழுமாக ஹைதராபாத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஐ.டி. காலம் அது. நான் மதுரையிலிருந்து வந்தவன். மனைவிக்கு ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்பதால் தார்நாகாவில் வீடு. எனக்கு ஆபீஸ் ஊரின் அந்தக் கோடி, அதனால் தினமும் பைக்கில் நெடும்பயணம்தான். வாரக்கடைசியில் தமிழ்ப் பையன்களாகச் சேர்ந்து நாகார்ஜுனசாகர், வாரங்கல் என்று கிளம்பிவிடுவோம். எங்களுக்கென்று ஒரு மெயில் குரூப் இருந்தது, அதில் நான்தான் வாத்தியார். ஹெல்மெட் வாங்கும்போது தலையை ஆட்டிப் பார், கன்னத்துச் சதையும் சேர்ந்து ஆடினால்தான் அது உன் சைஸ். டயர் காற்றை வண்டி ஓட்டுவதற்கு முன்னால் பார், ஓடிச் சூடான பிறகு பார்த்தால் கணக்கு தப்பும். கிளட்ச் லீவர் உன் முழங்கைக்கு நேர்கோட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நூறு கிலோமீட்டரில் மணிக்கட்டு போய்விடும். இதெல்லாம் இன்றைக்கும் நூற்றுக்கு நூறு சரி, வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுவேன். புது வண்டி வாங்கியதும் முதல் வேலையாகச் சாரி கார்டைக் கழற்று என்று. பின் சக்கரத்தின் இடது பக்கத்தில், பின்னால் உட்காரும் பெண்ணின் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் மாட்டாமல் இருக்க ஒரு கம்பி வலை வைத்திருப்பார்களே, அதுதான். தேவையில்லாத இரும்பு, வண்டியின் அழகே போகிறது, சுத்தம் செய்யவும் தொந்தரவு என்று பெரிய மேதாவி மாதிரி எழுதுவேன். எங்கள் குரூப்பில் ஒரு வண்டியிலும் அது கிடையாது. எல்லாரும் ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் என்று பார்த்துப் பார்த்து வாங்கினோம், அத்தனையும் ஓட்டுகிறவனுக்குத்தான். பின்னால் உட்காருகிறவளைப் பற்றி ஒருத்தனும் யோசிக்கவில்லை.

ஸ்டீபன் என் டீமில் வேலை பார்த்தவன், தூத்துக்குடிக்காரன். அவன் மனைவி ஜெனி தமிழ்ப் பெண்தான், ஆனால் ஹைதராபாத்தின் குஷாய்குடாவிலேயே பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. ஸ்டீபன் புது பைக் எடுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டான். நான் டூல் பெட்டியோடு போய் அவர்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து லீவரைச் சரிசெய்தேன், செயினை இறுக்கினேன், கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். கடைசியில் சாரி கார்டின் போல்ட்டில் ஸ்பானரை வைத்தபோது ஜெனி டீயோடு வந்தாள்.

“நக்கோண்ணா, வேண்டாம், அது இருக்கட்டும். பின்னாடி நான்தானே உக்காரணும்.”

“ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரும்மா, அப்புறம் எதுக்கு இது?” என்றேன்.

“அண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், சும்மா இரு” என்றான் ஸ்டீபன்.

நான் போல்ட்டைக் கழற்றினேன். ஜெனி அந்தக் கம்பியைப் பழைய பேப்பரில் சுற்றி மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். டீ நன்றாக இருந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். அதற்குச் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நல்ல வெயில், சுற்றிலும் டிராபிக், அமாவாசை, புளியமரம் என்று நீங்கள் எதிர்பார்க்கிற எதுவும் கிடையாது. மல்லாபூரில் எனக்குத் தெரிந்த கடையில் பின் டயரை மாற்றிக்கொண்டு தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாச்சாரம் தாண்டும் முன்னால் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, என் பின் சக்கரத்தைக் கையால் காட்டி, “துப்பட்டா, பாய், துப்பட்டா” என்று கத்திவிட்டுப் போனார்.

நம் சாலைகளில் இந்த ஒரு நல்ல பழக்கம் உண்டு, முன்பின் தெரியாதவன்கூட ‘சைடு ஸ்டாண்டு’ என்றோ ‘துப்பட்டா’ என்றோ எச்சரித்துவிட்டுத்தான் போவான். வேறு வண்டிக்குச் சொன்னதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் அப்போது எந்த வண்டியும் இல்லை. சரி, மனுஷன் வெயிலில் குழம்பிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் வண்டி கனத்தது. நம்புங்கள், நம்பாமல் போங்கள், இதை மட்டும் நான் தப்பாகச் சொல்ல முடியாது, பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவன். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், ஹேண்டில் லேசாகும், பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் கொஞ்சம் தூரம் கேட்கும். அத்தனையும் அப்படியே இருந்தது. புது டயரில் காற்று குறைந்திருக்கும் என்று ஓரங்கட்டி, பாக்கெட்டிலிருந்த காற்றழுத்த கேஜை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், பிரேக் உரசவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்பினால் அதே கனம். வளைவில் நான் சாயும்போது அதுவும் என்னோடு சேர்ந்து, பழகின ஆள் சாய்கிற மாதிரி சாய்ந்தது. முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்க்கத் தோன்றியது, எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஹப்சிகுடா சிக்னலில் நின்றேன். பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்ற ஒரு வயதான தெலுங்கு அம்மா, கொஞ்சம் கோபமாகவே சொன்னார். “பாபு, அம்மாயி துப்பட்டா சக்ரம்லோ படுதுந்தி, சூஸ்கோ.” பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் விழுகிறது, பார்த்துக்கொள் என்கிறார்.

“ஏ அம்மாயி?” என்று கேட்டேன், எந்தப் பெண் என்று.

அவர் என் பின் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்தை என்னால் சொல்ல முடியவில்லை. சிக்னல் விழுமுன்னே ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் ஜெனி நினைவுக்கு வந்தாள். டீத் தட்டோடு நின்றுகொண்டு ‘நக்கோண்ணா’ என்றது அப்படியே காதில் கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, போனை எடுத்து, ஸ்டீபன் நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. என்ன சொல்வது? யாரோ இரண்டு பேர் ரோட்டில் உளறினார்கள், வண்டி கனக்கிறது, அதனால் நீ சாரி கார்டை மாட்டு என்றா? திங்கள்கிழமை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதோடு, மாட்டு என்று சொன்னால் கழற்றியது தப்பு என்று ஆகிவிடும், வாத்தியார் சொன்னது தப்பாகலாமா? போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மறுபடி வண்டியை எடுத்தபோது கனம் இல்லை. பின் சீட் காலியாகத்தான் இருந்தது, இப்போது வண்டியும் அதையே சொன்னது.

வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டீபன். குஷாய்குடா மெயின் ரோட்டில், சர்ச்சுக்குப் போகும் வழியில், ஜெனியின் துப்பட்டா பின் சக்கரத்தில் சுற்றி அவளை இழுத்துப் போட்டுவிட்டது. நான் சிக்னலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காறை எலும்பு முறிந்திருந்தது, கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், வலது கை விரல்கள் நொறுங்கியிருந்தன. கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் கை இருந்ததால்தான் பிழைத்தாள் என்றார் டாக்டர்.

நான் ஸ்டீபனிடம் கார்டைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்.

“நீங்க என்னண்ணே செய்வீய, கழட்டச் சொன்னது நான்தான” என்று அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெனிக்குப் பேச்சு வர நாளாயிற்று. குரல் கரகரவென்று மாறிப்போயிருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. நான் பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட கையைத் தூக்கி என்னைக் கும்பிடப் பார்த்தாள். நான் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“அண்ணா, அன்னிக்கு நீங்க மட்டும் வரலேன்னா நான் போயிருப்பேன்.”

“நான் எங்கம்மா வந்தேன்?”

“எங்க பக்கத்துலயே வந்தீங்களேண்ணா. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுட்டு துப்பட்டா, துப்பட்டான்னு கத்துனீங்க. அதைக் கேட்டுத்தான் நான் கழுத்துல கை வெச்சேன், உடனே இழுத்துடுச்சு. இவருக்கு ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்கலியாம்.”

பக்கத்தில் நின்ற அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன், கையில் என்ன இருந்தது, அதை ஏன் பாக்கெட்டில் போட்டேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து முதல் கேக் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. உயிரைக் காப்பாற்றின அண்ணனுக்காம். என் மனைவி தட்டில் வைத்துத் தருவாள், சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம்கூடத் தள்ளிவிடுங்கள். மயக்கத்தில் ஏதோ கண்டிருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் முதலில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் கிளம்பி வாசல் வரை போனதும் ஜெனி திரும்பக் கூப்பிட்டாள்.

“ஒண்ணு மட்டும் புரியலண்ணா. கத்துனீங்க, சரி. கத்துறதுக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பார்த்து, ‘என்னை மன்னிச்சிடும்மா’ன்னு ஏன் சொன்னீங்க? அப்போ ஒண்ணுமே ஆகலியே.”

நான் வண்டிச் சாவியைத் தேடுகிறவன் மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை உண்மையைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போயிருக்கிறேன். நான் “ஜெனி, என்னை...” என்று ஆரம்பித்தாலே அவள் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறாள்.

“அதான் அன்னிக்கே ரோட்டுல கேட்டுட்டீங்களேண்ணா.”